இரண்டு வளையங்களுக்கு நடுவே

சிட்டு இன்னும் கண் திறக்கவில்லை.

'குழந்தையை ஒன்றும் பண்ணிவிடாதீர்கள்' என்று உங்களில் பல பேர் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்? இந்தக் குடும்பத்தில் ஆளாளுக்குக் கை வைத்துத்தான் காரியம் இந்த இடத்தில் வந்து நிற்கிறது. என் கை அதில் இல்லை.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ஒரே வீடு, அண்ணன் தம்பி இரண்டு குடித்தனம். கீழே அண்ணன். தெருவைப் பார்த்த அறையில் ரேடியோ, செல்போன், மிக்ஸி என்று எது வந்தாலும் பிரித்துப் போட்டுச் சரிசெய்வார். தெருவுக்கு அவர் ரேடியோக்காரர். அவர் மனைவி பின்னறையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறாள். மோதிரம், தோடு, சட்டையில் குத்துகிற ஊசி என்று எல்லாமே பொடிப்பொடி உருப்படிகள், எல்லாமே கைவேலை. அவள் வெள்ளியக்கா. மாடியில் தம்பி, அவன் மனைவி சின்னவள், அவர்களுடைய ஒரே மகள் சிட்டு. வெள்ளியக்காவுக்குப் பிள்ளை இல்லை. அப்படி ஒரு குறை இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்து போகிற அளவுக்குச் சிட்டு கீழ்வீட்டிலேயே கிடப்பாள்.

சிட்டுவுக்குப் பென்சிலின் ஆகாது. சின்னக் குழந்தையாக இருந்தபோது ஒரு ஊசி போட்டு, உயிர் போய்த் திரும்பி வந்தது. அதிலிருந்து அவள் கையில் பெரியம்மா செய்துபோட்ட வெள்ளிச் சங்கிலி. அதில் தொங்குகிற தகட்டில் 'பென்சிலின் ஆகாது' என்று வெட்டியிருக்கும். முந்தாநாள் பள்ளிக்கூடத்துப் படியில் உருண்டு, தலையில் அடிபட்டு மயங்கிக் கிடந்தவளை யாரோ ஒரு நல்ல மனிதர் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். காயத்தைத் தைத்துப் பென்சிலின் ஊசி போட்டார்கள். கையில் சங்கிலி இருந்தது. தகடு இல்லை.

இப்போது ஒரு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மெஷின் ஒன்று அவளுக்காக மூச்சு விடுகிறது. நேற்று அந்தக் கதவுக்கு முன்னால், நாலு பேர் பார்க்க, சின்னவள் கேட்டாள்: "ஒரு தகடு கழண்டு விழாம பத்த வெக்கத் தெரியல. உங்களுக்கெல்லாம் எதுக்குக்கா பட்டறை?"

வெள்ளியக்கா திரும்பி வீட்டுக்கு நடந்து வந்தாள். அங்கேதான் விட்டோம்.

•

விடிந்ததும் அவள் போன இடம் ஆஸ்பத்திரி இல்லை, பள்ளிக்கூடம்.

கோபம் அவளுக்கு. சின்னவள்மேல் இல்லை. பெற்றவள் அடிவயிறு எரிகிறது, என்ன வேண்டுமானாலும் பேசுவாள். அந்தத் தகட்டின்மேல்தான் கோபம். தன் கையால் வைத்த ஒட்டு விட்டுப்போகும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவள்தான் நம் வெள்ளியக்கா, அதை நான் ஒளிப்பானேன்? ஆனால் அந்தத் தலைக்கனம் சும்மா வந்ததில்லை.

மற்றவர்களானால் தகட்டை ஒரே வளையத்தில் மாட்டியிருப்பார்கள். இவள் இரண்டு வைத்தாள். ஒன்று போனாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளட்டும் என்று. தகடோ கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. அதன் மேல்விளிம்பில் இரண்டு வளையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பற்றவைத்தால் நடுவே ஒரு கடுகு நிற்கும், இரண்டு நிற்காது. அவ்வளவு நெருக்கத்தில் பற்றவைப்பதில் ஒரு வம்பு இருக்கிறது. இரண்டாவது வளையத்துக்குக் காட்டுகிற தீ, முதல் வளையத்தை அவிழ்த்துவிடும். அதனால் முதலாவதை அதிகச் சூட்டில் உருகுகிற வெள்ளிப் பொடி வைத்துக் குழலால் தீயை ஊதுவாள். அது ஆறியதும் அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பிவிட்டு, சீக்கிரம் உருகுகிற பொடியை வைத்து இரண்டாவதை ஊதுவாள். களிமண் சூட்டைக் குடித்துக்கொள்ளும். முதல் ஒட்டு அசையாது.

அப்படிச் செய்த இரண்டும் எப்படி விடும்? அதைக் கண்ணால் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிற அம்மா அலமாரியைத் திறந்து, தொலைந்த பென்சில்களும் ஒற்றைச் செருப்பும் கிடந்த டப்பாவிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள்.

"இதுவா பாருங்கம்மா. கை கழுவுற குழாய்கிட்ட கெடந்துச்சு. பாப்பா விழுந்த அன்னிக்கு இல்ல, அதுக்கும் முந்தின நாளே."

"முந்தின நாளேவா? யார்கிட்டயும் சொல்லலையா?"

"ஏதோ பிள்ளைங்க வெளையாட்டுச் சாமான்னு நெனச்சேன். நட்சத்திரமெல்லாம் வெச்சிருந்துச்சா..." அந்த அம்மா தயங்கினாள். "அதுல என்னவோ எழுதியிருக்குன்னு தெரிஞ்சுது. எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பேனே."

வெள்ளியக்கா அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு வந்துவிட்டாள். யாரைத்தான் திட்டுவது?

•

பட்டறை விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணுக்குக் கொடுத்துத் தகட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

ஒட்டு விட்டிருந்தால் விட்ட இடம் சுத்தமாக இருக்கும், சுவரிலிருந்து ஓடு பெயர்ந்தாற்போல. இது அப்படி இல்லை. இரண்டு வளையத்தின் அடியும் சொத்தைப் பல் மாதிரி அரித்துப்போய், குழிகுழியாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒட்டு விடவில்லை. ஒட்டைச் சுற்றியிருந்த வெள்ளியே அரித்துப் போயிருக்கிறது.

நடுவில் இருந்த நட்சத்திரம் மட்டும் அசையாமல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அந்த நட்சத்திரம் இவள் வைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்த இரண்டு வளையத்தைப் பார்த்து 'எலிக்காது, எலிக்காது' என்று கேலி செய்தார்களாம். சிட்டு பெரியப்பாவிடம் போய் அழுதிருக்கிறாள். அவர் அதை வாங்கிக்கொண்டுபோய், நடுவிலிருந்த கடுகளவு இடத்தில் ஒரு முனையை ஊன்றி, இரண்டு காதையும் மறைத்தாற்போல ஒரு குட்டி நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு வந்துவிட்டார். 'யார் பத்த வெச்சா?' என்று கேட்டதற்கு, 'கடைவீதிப் பட்டறைக்காரர்' என்றார். வீட்டுக்குள் பட்டறை இருக்க, கடைவீதிக்கா? வெள்ளியக்கா அதற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு நினைவிருக்கும், அப்போது நாம் எல்லோரும் சிரித்தோம்.

இப்போது அவள் ஊசி முனையால் நட்சத்திரத்தின் அடியைக் கீறினாள். கோடு விழுந்தது. வெள்ளியில் அவ்வளவு லேசாகக் கோடு விழாது.

ஈயத்தில்தான் விழும்.

அந்த வீட்டில் முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு திரை தொங்குகிறது. கல்யாணமாகி வந்த நாளாய் அந்தத் திரைக்கு ஒரு சட்டம் உண்டு. ரேடியோவில் பற்றவைக்க அவர் வைத்திருக்கிற ஈயம் இந்தப் பக்கம் வரக் கூடாது. அவருடைய அரம், துணி, இடுக்கி எதுவும் வரக் கூடாது. ஒரு தடவை அவர் தம் மேஜையில் இருந்த டீ டம்ளரோடு உள்ளே வந்துவிட்டார் என்று டம்ளரையே வெளியே விட்டெறிந்தவள் இவள். காரணம் இருக்கிறது. வெள்ளியில் ஈயம் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் செய்யாது. அதன்மேல் பட்டறைத் தீ பட்டால் போதும், ஈயம் வெள்ளிக்குள் இறங்கித் தின்ன ஆரம்பித்துவிடும். மேலே பளபளப்பாகத் தெரியும், உள்ளே பொரபொரவென்று ஆகிவிடும்.

அவள் தகட்டை எடுத்துக்கொண்டு திரையை விலக்கினாள்.

•

ரேடியோக்காரர் ஒரு ரேடியோவின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, அந்த அயனைச் சூடு பண்ணுங்க."

"எதுக்கு இப்ப?"

"சொல்றேன். முதல்ல போடுங்க."

அவர் ஈயத்தை உருக்குகிற சால்டரிங் அயனின் சுவிட்சைப் போட்டார். அவள் தகட்டை மேஜைமேல் வைத்தாள். அதைப் பார்த்ததும் மனிதர் முகம் வெளுத்துப்போனது.

"எங்க... எங்க கெடச்சுது?"

"அது கெடக்கட்டும். இந்த நட்சத்திரத்தை யார் பத்த வெச்சா?"

"அன்னிக்கே சொன்னேனே. கடைவீதிப் பட்டறைக்காரர்."

"வெள்ளிப் பொடி வெச்சா?"

"அவர் என்னத்த வெச்சாரோ! நான் என்ன பக்கத்துலயா உக்காந்திருந்தேன்?"

"சரி. வெள்ளிப் பொடியா இருந்தா உங்க அயன் சூட்டுக்கு அது அசையக்கூட அசையாது. தொட்டுக் காட்டுங்க."

"புள்ள அங்க கெடக்குறா, நீ இங்க பரீட்சை வெக்கிறியா?"

"தொடுங்க."

அவர் அயனை எடுத்தார். முனையிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. பிடித்தபடியே இருந்தார், தொடவில்லை. வாழ்நாள் முழுக்க அந்தப் பொருளைத் தொடமாட்டேன் என்று இருந்தவள், அவர் கையிலிருந்து பிடுங்கி, முனையை நட்சத்திரத்தின்மேல் வைத்தாள்.

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். நட்சத்திரம் வழுக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் விழுந்தது.



"சிட்டு அழுதாடி," என்றார் அவர். "இனிமே போட மாட்டேன் பெரியப்பான்னு கழட்டி என் கையில குடுத்துட்டா. போடாமயே இருந்துடுவாளோன்னு எனக்கு பயமாப் போச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உன்கிட்டயா? 'அழகுக்கா இத மாட்டிவிட்டேன்'னு அவளையும் ரெண்டு போட்டுட்டு என்னையும் ரெண்டு போட்டிருப்ப."

போட்டிருப்பாள். அது அவளுக்கும் தெரியும்.

"நீ சொல்லித்தான எனக்கே தெரியும். பக்கத்துல பக்கத்துல இருக்குற ஒட்டுல தீ காட்டினா மத்தது அவுந்துடும்னு. அதான் தீயே வேணாம்னு நெனச்சேன். ஈயம்னா சூடு கம்மி. உன் ரெண்டு ஒட்டும் ஏன்னு கேக்காது. யோசிச்சுத்தான் செஞ்சேன், சத்தியமா யோசிச்சுத்தான் செஞ்சேன்."

அழுதுகொண்டே சொன்னார். கேலிக்கும் கிண்டலுக்கும் குறைவில்லாத மனிதர். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

 அவர் சொன்னது சரிதான். வெறும் ஈயத்தோடு நின்றிருந்தால் அந்தத் தகடு இன்னும் பல வருடம் சிட்டுவின் கையில் ஆடிக்கொண்டிருக்கும். ஈயம் மட்டும் தின்னாது. தீ வேண்டும்.

தீ எங்கிருந்து வந்தது?

பள்ளி திறந்த சமயம், சங்கிலி கையை இறுக்குகிறது என்று சிட்டு ஓடி வந்தாளே. இவள்தான் ஒரு வளையத்தை அறுத்து, நீளச் சங்கிலி கோத்து, திரும்பப் பற்றவைத்தாள். நட்சத்திரத்தின்மேல் இருந்த எரிச்சலில் அதைக் கண்ணாடி வைத்துக்கூடப் பார்க்கவில்லை. 'கடைவீதிக்காரன் வேலைதானே' என்று அதன்மேலும் பக்கத்து வளையத்தின்மேலும் களிமண்ணை அப்பினாள். ஊதினாள். வழக்கம்போல மற்ற ஒட்டைக் காப்பாற்ற வைத்த களிமண்தான். ஆனால் ஒரு கடுகு இடைவெளியில் அடித்த தீ களிமண்ணுக்கு அடியில் ஈயத்தை ஓடவிட்டிருக்கிறது. அது விளிம்போடு வழிந்து இரண்டு வளையத்துக்கும் அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. மண் நட்சத்திரத்தை அசையாமல் பிடித்து, எல்லாவற்றையும் மூடியிருந்ததால் அவள் பார்க்கவில்லை.

மண்ணைக் கழுவியதும் நட்சத்திரத்தின் அடியில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அதைப் பார்த்தாள். பார்த்து, 'கடைவீதிக்காரன் பொடி லட்சணம் இவ்வளவுதான்' என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூடப் பட்டாள். பிறகு பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டாள்.



"அது மேல தீ வெச்சது நான்," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ தெரியாமத்தான வெச்ச? நான் பொய் சொல்லலைன்னா நீ வெச்சிருப்பியா?" மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்தா பாரு. தம்பிகிட்ட நான் சொல்றேன். நீ வாயத் தெறக்காத. அவன் என்னை அடிச்சாலும் வாங்கிக்கிறேன். அண்ணனா நானே சொல்றதுதான் மொறை."

"சொல்லுவீங்களா?"

"சொல்றேன்னுல்ல சொல்றேன்!"

நம்பினாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதரை நம்பாமல் என்ன செய்வாள்? தகட்டையும் நட்சத்திரத்தையும் ஒரு துணியில் முடிந்துகொண்டு அவரோடு கிளம்பினாள்.

•

ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சாயங்காலம் ஒரு தடவை, அஞ்சு நிமிடம், இரண்டு பேர் உள்ளே போய்க் குழந்தையைப் பார்க்கலாம். நேற்று அந்த இரண்டில் ஒன்று தனக்கு என்று நினைத்துத்தான் வெள்ளியக்கா வந்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

இன்று அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உள்ளே போய்ச் சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உண்மை வெளியே வந்தபிறகு அது நடக்காது என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. 

சின்னவள் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். நேற்றுப்போல இன்னொரு ஏச்சு விழப்போகிறது என்று வெள்ளியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். சின்னவள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அக்கா, நேத்து என்னென்னவோ பேசிட்டேன். என் நாக்கு அழுகணும்."

"ஏய், என்ன பேச்சு இது..."

"தப்பு என்னோடதுக்கா. போன வாரமே ஒரு பக்கம் அது ஆடுச்சு. ஒத்த வளையத்துல தொங்குச்சு. நான் கண்ணால பார்த்தேன். 'பெரியம்மாகிட்டக் குடுத்துடு'ன்னு அவகிட்டச் சொன்னேன். சின்னப் புள்ளகிட்டச் சொல்லிட்டு நான்பாட்டுக்கு வேலையப் பாத்துட்டு இருந்தேன். ஒரு மாடி எறங்கினா உங்க பட்டற. நானே கொண்டாந்து குடுத்திருக்கணும். எம்புள்ளய நானே..."

 வெள்ளியக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, அவள் தலைக்கு மேலாகத் தன் புருஷனைப் பார்த்தாள். இப்போது சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

தம்பி சுவரில் சாய்ந்து நின்றான். முகத்தில் முள்ளு முள்ளாகத் தாடி. இரண்டு நாளில் பத்து வயது ஏறினாற்போல இருந்தான்.

"இன்னிக்கு நீங்க வாங்கக்கா என்கூட," என்றாள் சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவரால உள்ள நிக்க முடியல. நேத்தே தலை சுத்தி உக்காந்துட்டார். உங்க கொரல் கேட்டா அவ முழிச்சாலும் முழிப்பா. என்கிட்ட என்னிக்கு அடங்கினா? உங்களுக்குத்தான் பயப்படுவா."

வெள்ளியக்கா மறுபடி புருஷனைப் பார்த்தாள்.

ரேடியோக்காரர் தொண்டையைக் கனைத்தார். "இங்க பாரும்மா. தம்பி, நீயும் கேளு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வெள்ளியக்கா துணி முடிச்சைக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

"தகடு கெடச்சிடுச்சு. உன் தப்பும் இல்லம்மா, இவ தப்பும் இல்ல." சட்டைப் பித்தானைத் திருகினார். "அந்த... அந்த நட்சத்திரம் வெச்சதுலதான் கோளாறு. அதுல ஈயம் கலந்திருக்கு. அது வெள்ளிய அரிச்சிடுச்சு."

"யார் வெச்சது?" என்றான் தம்பி.

 ரேடியோக்காரர் மனைவியைப் பார்க்கவில்லை. தம்பியையும் பார்க்கவில்லை. நாற்காலிக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கடைவீதியில ஒருத்தன்."

அட பாவி மனுஷா!

தம்பி சுவரிலிருந்து நிமிர்ந்தான். "எந்தக் கடை?"

"விடுடா. இப்ப போய்..."

"எந்தக் கடைன்னு கேட்டேன். அண்ணே, பேசாம இருங்க, எனக்குத் தெரியும். அந்த மூலையில ஒருத்தன்தான பட்டற வெச்சிருக்கான்? அவன் கைய ஒடிக்காம வர மாட்டேன்."

சொன்னவன் படியை நோக்கி நடந்தான். நடையா அது, ஓட்டம். சின்னவள்கூடத் தடுக்கவில்லை. அவள் முகத்தில் வேறு ஏதோ தெரிந்தது. கொஞ்சம் ஆறுதல். தப்பு தன்னுடையது இல்லை, அக்காவுடையதும் இல்லை, முகம் தெரியாத எவனோ ஒருவனுடையது என்கிற ஆறுதல். அவள் வெள்ளியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாருங்கள், வெள்ளியக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இன்னும் சில நிமிடத்தில் கதவு திறக்கும். சிட்டுவிடம் போய்விடலாம். பூசி மெழுகுகிற வேலையைப் புருஷன் கச்சிதமாக முடித்துவிட்டார்.

"தம்பி, நில்லு!"

பாதிப் படியில் அவன் நின்றான்.

"கடைவீதிக்குப் போகாத. அங்க யாரும் ஒண்ணும் பண்ணல." அவள் துணி முடிச்சை உயர்த்திக் காட்டினாள். "ஈயம் வெச்சது உங்க அண்ணன். நம்ம வீட்டு முன்னறையில, அவர் கையால. அது மேல தீ காட்டினது நான். என் பட்டறையில, என் கையால. ரெண்டும் சேர்ந்துதான் அரிச்சிருக்கு. ஒண்ணு மட்டும் நடந்திருந்தா தகடு நின்னிருக்கும்."

"அண்ணே?" என்றான் தம்பி.

ரேடியோக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதுவே பதிலாயிற்று.

சின்னவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். கத்துவாள், அடிப்பாள் என்றெல்லாம் வெள்ளியக்கா நினைத்தாள். அவள் கத்தவில்லை. பாடம் கேட்கிற பிள்ளை மாதிரித்தான் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியாதா அக்கா? ஈயம் இருக்குன்னு?"

"தெரியாது. வெளிய பத்த வெச்சேன்னு சொன்னாரு, நான் நம்பிட்டேன்."

"தீ வெச்சப்ப ஒண்ணுமே தெரியலையா?"

இங்கேயும் ஒரு பொய் இருந்தது. மிகச் சின்னப் பொய், ஒரே வார்த்தை. 'தெரியல' என்று சொன்னால் போதும். அதைச் சரி பார்க்க உலகத்தில் ஒருவரும் இல்லை.

"தெரிஞ்சுது," என்றாள் வெள்ளியக்கா. "கறுப்பா ஒரு புள்ளி."

"அப்புறம்?"

"தேய்ச்சுட்டேன்."

சின்னவள் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பது போல.

கண்ணாடிக் கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள். "டைம் ஆச்சு. ரெண்டு பேர் வாங்க."

சின்னவள் திரும்பி, விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தம்பி பாதிப் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரேடியோக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார்.

"இன்னொருத்தர் யாரு?" என்றாள் நர்ஸ்.

யாரும் அசையவில்லை. வெள்ளியக்கா துணி முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சாத்தி நாலு அடி வைத்திருப்பாளோ என்னவோ, உள்ளேயிருந்து சின்னவளின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"அக்கா! அக்கா!"

நர்ஸை அவள் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவாள்; அக்கா என்றால் வெள்ளியக்காதான். குழந்தை முழித்துக்கொண்ட சந்தோஷமா, வேறு ஏதாவதா, அந்தக் குரலை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வெள்ளியக்காவின் கையிலிருந்து முடிச்சு நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதை எடுக்காமல் கதவைப் பார்த்து ஓடினாள்.